சன்னல் கம்பியைப் பிடித்த கை

அக்கா, படிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்ட உங்களுக்கு எழுதுகிறேன், மன்னியுங்கள். நேரில் பேசவே எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்று மதியம், காலையில் ஆபரேஷன் செய்து கட்டி எடுக்கப்பட்ட ஜெயமங்கலத்து அம்மா ஒருத்தர், "நல்லாருக்கேன் தாயி, கிளம்பவா?" என்றார். சொல்லும்போதே சன்னல் கம்பியைப் பிடித்தார். கையை எடுத்ததும் கம்பியில் வியர்வை ஈரம்.

போடியில் நாம் வேலை பார்த்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. ஆபரேஷன் முடிந்தவர்களை அன்றே வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை டாக்டர் நர்ஸுகளான நம்மிடம் விட்டிருந்தார். ஏலத்தோட்டத்துக்குத் திரும்பும் ஜீப் நாலு மணிக்கு. அதைப் பிடிக்க எல்லாரும் பொய் சொன்னார்கள். ஒன்றுக்குப் போனால்தான் அனுப்புவோம் என்பதால், போய்விட்டேன் என்பார்கள். நீங்கள் கக்கூஸுக்குள் போய்த் தரையைப் பார்ப்பீர்கள். ஒருவர் செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து நின்றார். "சித்தப்பு, உங்களுக்குக் குழாத் தண்ணியா வருது?" என்றீர்கள். வார்டே சிரித்தது. அவர் மறுநாள்தான் மலையேறினார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று என்னைக் கேலி செய்வீர்கள். "ஏ பட்டதாரி, வாய நம்பாத. கையப் பாரு, துணியப் பாரு."

பிறகு ஒரு நாள் உங்களுக்கே கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் ராயப்பன்பட்டி கோயிலில் உங்கள் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பன் தின்றீர்கள். நடந்து காட்டினீர்கள். கண்ணை மூடி நின்றீர்கள். எல்லாச் சோதனையும் உங்களுக்கு மனப்பாடம். அதுதான் எனக்கு உறுத்தியது. திரும்பும்போது ஒரு நொடி சன்னல் கம்பியைப் பிடித்தீர்கள். வைத்திருந்த துணியில் எவ்வளவு ரத்தம் என்று பார்ப்பது மட்டும் பாக்கி.

"என்னடி அப்படிப் பாக்குற? என்னையவே சந்தேகப்படுறியா?"

கூசிப்போய், துணியைப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பூசைக்கு உங்கள் மகள் வெள்ளை உடுப்பில் காத்திருந்தாள். நீங்கள் எழுந்திருக்கவில்லை. ரத்தம் நிற்கவே இல்லை என்று உங்கள் வீட்டுக்காரர் வந்து சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதன்பிறகு யார் "நல்லாருக்கேன்" என்றாலும் என் காதில் விழுவதில்லை. ஜெயமங்கலத்து அம்மாவையும் படுக்கவைத்துக் கட்டை அவிழ்த்தேன். அவர் மகன் பஸ் போய்விடும் என்று முணுமுணுத்தான். அடிப்பஞ்சு முழுக்க ரத்தத்தில் நனைந்திருந்தது. ராத்திரி இங்கேயே தங்குகிறார்கள்.

இப்போதும் எனக்கு வெட்கம்தான். ஆனாலும் எல்லாரிடமும் காட்டச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன். கேட்காமல் விட்டது உங்களிடம் மட்டும்.

அக்கா, துணியைக் காட்டுங்கள்.