வெள்ளச்சிக்குப் பாதி, கறுப்பனுக்குப் பாதி

என் தங்க அம்மாவுக்கு,

நீ வளர்த்த முயல்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. முதலில் இதைச் சொல்லாவிட்டால் மற்ற எதுவும் உன் காதில் ஏறாது.

நீ கண்மூடிய பிறகு வெள்ளச்சி மறுபடியும் குட்டி போட்டாள். அவற்றைக் கொடுத்து முடித்ததும், இனி குட்டிகளை வாங்கிக்கொள்ளத் திருவொற்றியூரில் ஆள் இல்லை என்று அண்ணன் கறுப்பனைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய்க் காயடித்துக் கொண்டுவந்தான். காயடித்த பிறகும் கொஞ்ச நாளைக்கு அவனால் வெள்ளச்சிக்குச் சினை பிடிக்குமாம். அதுவரை இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைக்கச் சொன்னார் டாக்டர். ஒன்றின் வாசனையை மற்றது மறந்துவிடக் கூடாதாம்.

உன் அருமை மருமகள் என்ன செய்தாள் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த குழந்தைக்குப் போடுவது போல, கறுப்பனுக்குச் சாம்பிராணி போட்டுவிட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பது தன் புருஷன்தான் என்று வெள்ளச்சிக்கு எப்படித் தெரியும்? கம்பி வழியாகவே அவன் மூக்கைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரி வாட போவட்டும்னுதாம்மே போட்டேன்" என்று அண்ணி அழுதாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவள் ஒரு காரியத்தில் தோற்று நான் பார்த்ததே இல்லையே.

ஆமாம், வயிற்றெரிச்சல்தான். கடைசிவரை உன் தலையை வாரிவிட்டவள் அவள். நான் பெரம்பூரிலிருந்து பஸ் மாறி வந்து சேர்வதற்குள் நீ அவள் கையால் சாப்பிட்டு முடித்திருப்பாய். உன் பச்சைச் சுங்குடிப் புடவையையும் அவளே கட்டிக்கொண்டாள். அதைக் கட்டி உட்கார்ந்தால் வெள்ளச்சி அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொள்வாள். என்னைக் கண்டாலோ பின்னங்காலால் தரையை ஓங்கி அடிப்பாள். பெற்ற மகளுக்கு இந்த மரியாதை!

அண்ணன் வெறுத்துப்போய்விட்டான். "பேஜாரா பூட்ச்சி. ஒண்ண ஆருக்குனா குட்த்துடலாம்" என்றான். நீ ஜோடியாக வளர்த்ததை எப்படிப் பிரிப்பது? நானும் அண்ணியும் டாக்டரிடம் ஓடினோம். இரண்டுக்கும் வாசனை பழகிய துணியை இரண்டு கூண்டிலும் விரித்து, தினமும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அந்தப் பச்சைப் புடவையை எடுத்து, என் கண்ணெதிரே நடுவில் கிழித்தாள்.

"அய்யோ, அது அம்மா பொடவ அண்ணி!"

"தெர்தும்மே. அதுங்களுக்கு வேற யாரு வாட தெரியும், சொல்லு?"

வெள்ளச்சிக்குப் பாதி, கறுப்பனுக்குப் பாதி. எனக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முயலைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு என்னை விட்டுவிட்டாயே அம்மா.

டாக்டர் சொன்ன நாள் கழிந்ததும், இரண்டும் இதுவரை கால் வைக்காத மொட்டை மாடியில், காற்றில் வந்து படிந்த கரித்தூளைப் பெருக்கிவிட்டு அவற்றை இறக்கினோம். வெள்ளச்சி முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கறுப்பன் அவள் நெற்றியை நக்கினான். அண்ணி ஒரு மூலையில் அழுதாள், நான் ஒரு மூலையில் அழுதேன்.

கிளம்பும்போது அண்ணி ஒரு துணியை என் பையில் திணித்தாள். "இந்தா, ஒன் பாதி. ஒண்ணா பட்த்துகினு கீறதுங்களுக்கு ஒரு துணி போதும்."

பஸ்ஸில் அதை முகர்ந்தேன். முயல் மூத்திரம், முடி, மிச்சச் சாம்பிராணி. அதில் நீ எங்கே இருந்தாய்? முயலுக்குக் கிடைத்த நீ எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். வெள்ளச்சி காலை ஓங்கினாள், மூக்கைத் தூக்கினாள், நின்றாள். நேராக வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். பின்னாலேயே கறுப்பனும்.

அண்ணியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "இன்னாமே இது, என்னாண்ட ஒண்ணுகூட வரல?" என்றாள்.

அவளுக்கும் எரிகிறது அம்மா! அதைக் கண்ட பிறகுதான் எனக்கு அவள்மேல் கொஞ்சம் பிரியம் வந்தது. உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அவள் பாதியை நான் கேட்க மாட்டேன். ஆனால் என் மடியில் ஏறியதுகளை நானாக இறக்கிவிடவும் மாட்டேன்.

உன் இன்னொரு பாதிக்காரி,
மகள் செல்வி