குண்டனின் இடுப்பு

மார்ச் 3

குண்டன் இன்றும் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். பத்து மாத நாய்க்கு என்ன மூட்டுவலி? சுத்தச் சோம்பேறி. அடம்பிடித்து வாங்கியவள் மகள், தூக்கிக்கொண்டு ஏறுவது நான்.

மார்ச் 5

ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து முயல் மாதிரி குதிக்கிறான். நானும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். மனைவி சிரிக்கவில்லை. "எந்திரிக்கும்போது முனகுறான், கவனிச்சீங்களா?" என்றாள்.

மார்ச் 8

கால்நடை மருத்துவமனை. அங்கே பெரிய துரை மாதிரி நிமிர்ந்து நடக்கிறான் பாவி! முனகலும் இல்லை, முயல் குதிப்பும் இல்லை.

"வீட்ல எப்படி நடப்பான்?" என்றார் டாக்டரம்மா. வீடியோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வாயால் சொன்னேன், விளங்கவில்லை. கடைசியில் நானே குனிந்து, கைகளைத் தரையில் ஊன்றி, இடுப்பை ஆட்டி ஆட்டி அறையைச் சுற்றி வந்தேன். கதவு திறந்தே இருந்திருக்கிறது. வெளியே பூனைக்கூடையோடு என் மாணவன் ஒருவனின் அம்மா. இனி எந்த முகத்தோடு கணக்கு நடத்துவேன்?

"போதும் சார், புரிஞ்சிடுச்சு." குண்டனின் பின்னங்காலைப் பிடித்து மெல்லப் பின்னால் நீட்டினார். வெடுக்கென்று திரும்பினான். புதன்கிழமை மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே.

மார்ச் 12

இடுப்பெலும்பின் குழி ஆழமில்லையாம். தொடை எலும்பின் உருண்டை அதில் சரியாக உட்காராமல் நழுவுகிறது. பரம்பரையாக வருவது.

"இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம். எடை ஏற விடாதீங்க, நீந்த விடுங்க, வழுக்குற தரையில விரிப்பு போடுங்க. ஆனா ஆயுசுக்கும் கவனிக்கணும்."

இவனைப் போய்ச் சோம்பேறி என்றேனே. வலியை வைத்துக்கொண்டா இத்தனை நாள் வாலாட்டினான்? மனசே சரியில்லை.

மார்ச் 13

நாயைக் கொடுத்தவரிடம் மனைவி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். "அதத் திருப்பிக் குடுத்துடுங்க, வேற நல்ல குட்டி தர்றேன்" என்றாராம். மகள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. முடிவு என் கையிலாம். நாயே வேண்டாம் என்று அன்றைக்குத் தாம்தூம் என்று குதித்தவன் நான்தானே — பயப்படத்தான் செய்வார்கள்.

மார்ச் 14

கூடம் முழுக்க ரப்பர் விரிப்பு போட்டேன். முதுகு விட்டுப்போனது.

மார்ச் 16

நாயைக் கொடுத்தவர் என்னையே கூப்பிட்டார். "குட்டி தயாரா இருக்கு சார், எப்ப வந்து மாத்திக்கிறீங்க?"

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். நீச்சலுக்கு நேரமாகிவிட்டது, குண்டன் வாசலில் நிற்கிறான்.