நோர்வேக்குக் கொடுத்த வடை

இன்று காலை குசினி அலுமாரியின் மேல் தட்டில் இருந்து அந்த நீலத் தகர பிஸ்கட் ரின்னை இறக்கினேன். கதிரை வைத்து ஏறித்தான் எடுத்தேன். நீங்கள் இருந்திருந்தால் ஏச்சு விழுந்திருக்கும். மூடி இறுகிப்போய்க் கிடந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தபோது எண்ணெயும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கலந்த மணம் வந்தது. இத்தனை வருடம் போயும் அது போகவில்லை. அதற்கு அடியில் வேறொரு இனிப்பு மணம், பால் அடிப்பிடித்த மாதிரி. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

எழுதிப் பழக்கமில்லாத கை இது. உங்களோடு கதைக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

உங்கள் செத்தவீட்டுக்கு அடுத்த நாள் கீழ் வீட்டு இங்கர் ஒரு கண்ணாடித் தட்டத்தில் கேக் கொண்டுவந்து தந்தா. முப்பத்தொன்றாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது, தட்டம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. என்ன போட்டுக் கொடுக்கலாம் என்று யோசிக்கப் போய்த்தான் ரின்னின் நினைவு வந்தது.

அந்த ரின்னோடு நாங்கள் நோர்வேக்குப் பயணப்பட்ட வருடம் உங்களுக்கு மறக்காது. ஊரில் துவக்குச் சத்தம் நின்றிருந்தது. இலங்கை அரசாங்கமும் ஆயுதம் தூக்கிய எங்கள் இயக்கமும் ஒரே மேசையில் இருந்து பேசப்போகின்றன, நடுவில் நோர்வே என்றார்கள். கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில், இஷொய் வீட்டுக்கு வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே டிவியைப் போடுவீர்கள். மற்றவர்கள் எல்லாரும் இரண்டு பக்கத்தாரின் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் நடுவில் இருக்கிற நோர்வேக்காரரைத்தான் பார்ப்பீர்கள்.

"இஞ்ச பார், அந்த மனிசன் நித்திரை கொண்டு எத்தினை நாளோ. ரெண்டு பக்கத்து ஏச்சும் அவருக்குத்தான் விழப்போகுது."

"அவருக்குச் சம்பளம் குடுக்கினம்தானே," என்றேன்.

"சம்பளத்துக்கு ஆரும் மற்றவன்ர வீட்டுச் சண்டைக்குள்ள போவினமோ? எங்கட பக்கத்து நாடு. இஞ்ச கப்பல் ஏறினா விடிய அங்க. அயலட்டை எண்டா இப்பிடி இருக்கோணும்."

டென்மார்க் பாஸ்போர்ட் கைக்கு வந்து மை காயவில்லை, அதற்குள் நோர்வே உங்களுக்கு அயலட்டையாகிவிட்டது என்று நான் சிரித்தேன்.

சிரித்தாலும் என் நினைவு ஊரில்தான். என் தம்பி வன்னியில் இருந்தான். பள்ளிக்கூடம் போன பிள்ளை, அப்படியே இயக்கத்துக்குப் போய்விட்டான். வருடக்கணக்காக ஒரு சொல் இல்லை. இருக்கிறானா என்று அம்மாவிடம் கேட்கவும் பயம். சண்டை நின்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. "அக்கா," என்றான். குரல் தடித்து ஆம்பிளைக் குரலாகியிருந்தது. நீங்கள்தான் ரிசீவரைப் பறித்து, "எடேய், சாப்பிட்டியோ?" என்று கேட்டீர்கள். போனை வைத்த பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கனநேரம் நின்றீர்கள்.

வெளியே வந்து முகம் துடைத்தபடி சொன்னீர்கள்:

"வடை சுடு. நல்ல தட்டை வடை. நோர்வேக்குக் கொண்டுபோய்க் குடுக்கப் போறன்."

"கோயிலுக்கு நேர்த்தி வையுங்கோவன்."

"கோயிலாலயோ போன் வந்தது? ஆரால வந்ததோ அவைக்குத்தான் குடுக்கோணும்."

எங்கள் மகளின் இலையுதிர்கால விடுமுறைக்குக் கோபன்ஹேகனில் கப்பல் ஏறினோம். மா குழைத்ததும் சுட்டதும் நான், தட்டியது நீங்கள். எண்ணெய் பூசிய உங்கள் உள்ளங்கைக்குத்தான் வடை அத்தனை மெல்லிசாக வரும். ரின் நிறைய அடுக்கி, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, கப்பலில் அதை மடியிலேயே வைத்திருந்தீர்கள். கலியாணங்களுக்கு மட்டும் போடுகிற கோட்டைப் போட்டிருந்தீர்கள்.

ஒஸ்லோவில் காற்று முகத்தை வெட்டியது. வெளிநாட்டு அமைச்சு எங்கே என்று விசாரித்து விசாரித்து நடந்தோம். கொடி பறந்த பெரிய கட்டடம் ஒன்றைக் கண்டதும், "இதுதான்," என்று உள்ளே போய்விட்டீர்கள். வாசல் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு மனிசி இருந்தா. கப்பல் முழுக்கச் சொல்லிப் பார்த்த வசனத்தைத் தொழிற்சாலையில் பழகிய டேனிஷில் சொன்னீர்கள். "நாங்கள் இலங்கை ஆட்கள். சமாதானத்துக்கு நன்றி." ரின்னை இரண்டு கையாலும் நீட்டினீர்கள். மகள் என் கோட்டை இழுத்து, "அம்மா, வெட்கமாக் கிடக்கு," என்று டேனிஷில் முணுமுணுத்தாள்.

அந்த மனிசி ரின்னைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா. பிறகு ஆறுதலாகச் சொன்னா, இது காப்புறுதிக் கம்பெனிக் கந்தோர், அமைச்சு அடுத்த தெருவில் என்று.

நான் ரின்னை வாங்கிக்கொண்டு திரும்பப் பார்த்தேன். நீங்கள் விடவில்லை. "பரவாயில்லை. நீங்களும் நோர்வேதானே," என்றீர்கள்.

மனிசி முதலில் சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்தி, எழும்பி நின்று ரின்னை வாங்கினா. அங்கேயே ஒன்றைக் கடித்தா. இருமல் வந்தது, கண்ணால் தண்ணீர் ஓடியது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தா. உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டா. எங்களுக்குக் கோப்பி கிடைத்தது. வெளிக்கிடும்போது ரின்னைக் கழுவித் துடைத்துத் தந்தா. உள்ளே ஏதோ கிடந்து ஆடியது.

வெளியே வந்து திறந்தீர்கள். மண்ணிறத்தில் ஒரு பாதிக் கட்டி.

"தொதல்," என்று ஊர் இனிப்பை நினைத்துச் சொல்லி ஒரு கடி கடித்தீர்கள். முகம் போன போக்கைப் பார்த்து மகள் சிரிப்புத் தாங்காமல் நடைபாதையிலேயே குந்திவிட்டாள். அது அவர்களின் மண்ணிறச் சீஸ். கந்தோர்க் குளிர்ப்பெட்டியில் தங்கள் சாப்பாட்டுக்கு வைத்திருந்ததைத்தான் தந்திருந்தார்கள்.

விழுங்கிவிட்டுச் சொன்னீர்கள்: "பாத்தியே, வெறும் பேணி தரேல்ல. ஆரெண்டு தெரியாத சனம், எங்கட பழக்கம் தெரிஞ்சிருக்கு. இனிப் பயமில்லை."

நானும் நம்பினேன். அன்று அந்தத் தெருவில் நின்று முழுசாக நம்பினேன்.

சண்டையால் பூட்டிக்கிடந்த பாதை திறந்திருந்த காலத்தில் என்னை ஊருக்கு அனுப்பினீர்கள். "நீ போ. நான் நோர்வே பாத்திட்டன், எனக்கு அது காணும்." தம்பி ஒரு பின்னேரம் மோட்டார்சைக்கிளில் வந்தான். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தா. கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அத்தான் நோர்வேக்கு வடை குடுத்தவராமே?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தக் கந்தோர்க் கதையைச் சொல்லச் சொல்ல அவனுக்குப் புரையேறியது. சிரிப்பு அடங்கின பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அவை இடையில விட்டிட்டுப் போகமாட்டினம் என்ன, அக்கா?"

"போகமாட்டினம் ராசா. அத்தான்ர வடை திண்டவையெல்லோ."

அவன் அந்தச் சிரிப்போடுதான் மோட்டார்சைக்கிளை எடுத்தான். வீட்டு ஒழுங்கையால் தெருவுக்குத் திரும்பும்போது கையைக் காட்டினான்.

பிறகு மேசைக்கு வருவதும் வராததுமாக இழுபட்டு, பேச்சு நின்றது. துவக்குச் சத்தம் திரும்பத் தொடங்கியது. ஹ்விடோவ்ரேயில் ஒரு பிறந்தநாள் வீட்டில் உங்கள் கூட்டாளி ராசன் அண்ணை எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "என்ன, நோர்வேக்கு வடை போதாமப் போச்சுதோ? இன்னும் ரெண்டு ரின் குடுத்திருக்கலாம்." எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் ரின்னை எடுத்து மேல் தட்டில் வைத்தீர்கள்.

தம்பி திரும்பி வரவில்லை. எங்கே, எப்படி என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த நாட்களில் நான் வாய்க்கு வந்தபடி நோர்வேயைத் திட்டினேன். சீஸ் கட்டியைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்றேன். ஒரு நாள் நீங்கள் சொன்னீர்கள்:

"வீட்டுக்குள்ள சண்டை. அவை வந்து கதவைத் தட்டிச்சினம். உள்ளுக்க நிண்டவை திறந்தினம், பிறகு பூட்டிச்சினம். தட்டினவையில என்ன கோபம்? தட்டாமப் போனவை எத்தினை பேர்."

எனக்கு அது பிடிக்கவில்லை. உங்களோடு சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போவேன், குடித்துவிட்டுக் கோப்பையை நீங்களே கழுவி வைப்பீர்கள்.

இப்போது வீடு சத்தமில்லாமல் கிடக்கும்போது அந்தப் பின்னேரத்தைத்தான் நினைக்கிறேன். அம்மாவின் மீன் குழம்பு, தம்பியின் புரையேறிய சிரிப்பு, ஒழுங்கையில் காட்டிய கை. அந்த ஒரு பின்னேரம் எங்களுக்கு யாரால் கிடைத்தது என்று கேட்டால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மறுமொழி ஒன்றுதான். நீங்கள் அன்று கொண்டுபோய்க் கொடுத்தது வீணாகவில்லை. இதை உங்களிடம் நேரே சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் உழுந்து ஊறப் போட்டேன். மகள் போன் எடுத்து, "தனியச் சுடாதேங்கோ, சனிக்கிழமை நான் வாறன்," என்றாள். சனிக்கிழமைவரைக்கும் பொறுக்க முடியவில்லை. குழைத்து, எண்ணெய் பூசி, நானே தட்டினேன். முதல் ஈடு தடித்துப்போய் வந்தது. இரண்டாவது ஈடு கொஞ்சம் பரவாயில்லை. உங்கள் கை இல்லாத வித்தியாசம் இங்கருக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது.

நல்லதாகப் பார்த்துக் கண்ணாடித் தட்டத்தில் அடுக்கியிருக்கிறேன். மிச்சத்தை நீல ரின்னில் போட்டு, கைக்கு எட்டுகிற தட்டில் வைத்துவிட்டேன்.

வடை இன்னும் சூடாக இருக்கிறது. கீழே போய்க் கதவைத் தட்டப் போகிறேன்.