அரசாங்கக் கணக்குப்படி நீ இங்கேதான் இருக்கிறாய்

கிளைடாக்,
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் லோவ்ரிக்கு அப்பா எழுதுவது. இடது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே பட்டகோனியாக் காற்று உங்களைத் தூக்கிக்கொண்டு போகாமல், நீயும் உன் ரமீரோவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உன் முகம் பாதிப் பேச்சில் அப்படியே நின்றுவிடுகிறது, நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சொல்ல வந்ததை மறந்துவிடுகிறேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். இங்கே மழை விட்டபாடில்லை. பின் தோட்டத்தில் போட்ட லீக்ஸ் தண்டு இந்த வருஷம் விரல் கனம்கூட வரவில்லை, இத்வால் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன குவிலிம், இந்த வருஷம் புல்லா போட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனான். உன் நெஸ்டா சித்தி ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், அதனால் என் சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கடிதம் உன் வண்டியைப் பற்றித்தான். அங்கே குடியேறின நம் வெல்ஷ் ஜனங்களின் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் நம் மொழி சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பின அன்றைக்கு, "பேட்டரி செத்துடாம பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லி என் கையில் சாவியைக் கொடுத்தாய். அந்த ஒரு வருஷம் நாலு வருஷம் ஆகிவிட்டது, பேட்டரி இன்னும் சாகவில்லை. என் வண்டியைக் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பாட்டுக்குழுப் பயிற்சிக்கு உன் சிவப்பு வண்டியில்தான் போகிறேன். இன்ஷூரன்ஸ் என் பெயரில், வரி நான் கட்டுகிறேன், பதிவுப் புத்தகத்தில் மட்டும் உன் பெயர். முட்டி டாஷ்போர்டில் இடிக்கிறது, ஆனாலும் சீட்டைப் பின்னால் தள்ளவில்லை, நீ வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் முழங்கால் வலிக்கு அதுதான் காரணம் என்று நெஸ்டா சொல்கிறாள், அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும். ஈஸ்டர் அன்றைக்கு நீ போனில், "நாங்க இங்கேயே வீடு கட்டப் போறோம்ப்பா, அந்த வண்டிய வித்துடுங்க" என்றாய். லைன் சரியில்லை, காதில் விழவில்லை என்று சொன்னேன். விழுந்தது லோவ்ரி. ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது.

டெக்வின் போய்விட்டது உனக்குத் தெரியும். சின்ன வயசில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அடிக்குரலில் பாடி உன் வயிறெல்லாம் அதிர வைப்பானே, அவன். அடக்கத்துக்கு ஊரே வந்தது. சேப்பல் பின்முற்றம் இப்போது நம்முடையது இல்லை, சேப்பல் கூரை ஒழுகுகிறது, சரிபண்ணப் பணம் வேண்டும் என்று முற்றத்தை விற்றோம், விற்கலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வாங்கினவர் அதை ஏதோ ஒரு பார்க்கிங் கம்பெனியிடம் விட்டுவிட்டார். கம்பத்தை நட்டு, மேலே கேமராவை வைத்து, வண்டி உள்ளே போகும்போது ஒரு படம், வெளியே வரும்போது ஒரு படம், அவ்வளவுதான். காவலுக்கு ஆள் கிடையாது, சண்டை போடலாம் என்றால்கூட எதிரில் ஒரு மனிதன் இல்லை. நாங்கள் ஒழுங்காக மெஷினில் காசு போட்டு இரண்டு மணி நேரத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டுத்தான் உள்ளே போனோம். ஜெபம் முடிந்து, மண் போட்டுத் திரும்பி, டீயும் ஹாம் சாண்ட்விச்சும் பழ ரொட்டியும் ஆகி, கிளம்பலாம் என்று முற்றத்துக்கு வந்தபோது டெக்வினுக்காக ஒரே ஒரு பாட்டு என்று யாரோ ஆரம்பித்தார்கள். நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, கடைசி அடியை ஒரு தடவை பாடிவிட்டு நிறுத்துகிற ஜாதியா நாம். ஒருவன் மறுபடி எடுப்பான், அவன் எடுத்தால் அடுத்தவன் விடமாட்டான். டெக்வினின் மகன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றான், அவன் அப்படி நிற்கும்போது யார் முதலில் வண்டியைக் கிளப்புவது. மணி பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டோம்.

பத்து நாள் கழித்துப் பாடினவன் வீட்டிலெல்லாம், நேரம் தாண்டி நிறுத்தியதற்குத் தெண்டம் கட்டு என்று கவர் விழுந்தது. இத்வால் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான், அதில் இருந்த படத்தில் அவன் வண்டி நம்பருக்குப் பின்னால் பாட்டை இன்னும் விடாத பாடகர் இருவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். "நம்பரை வச்சு கவர்ன்மென்ட்டுகிட்டயே நம்ம பேரையும் விலாசத்தையும் வாங்கிட்டானுங்கப்பா. என் தம்பி பொண்டாட்டிக்கே என் வீட்டு நம்பர் தெரியாது, இவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று குதித்தான். ஓட்டினது யார் என்று எவனும் வாயைத் திறக்கக் கூடாது, எல்லோரும் சும்மா இருந்தால் தானாகப் போய்விடும் என்று எங்களுக்கெல்லாம் கட்டளையும் போட்டான். என் வீட்டில் விழுந்த கவரில் என் பெயர் இல்லை. மிஸ் லோவ்ரி ப்ராசர் என்று போட்டு, கீழே நம் வீட்டு விலாசம். உன் பெயருக்கு இந்த வாசலில் ஒரு தபால் விழுந்து எத்தனை காலம் ஆகிவிட்டது. நான் அதைப் பிரிக்கவில்லை. பதினாறு வயசில் நீ போட்ட சண்டைக்குப் பிறகு உன் பெயருக்கு வந்ததை நான் பிரித்ததே இல்லை. எப்போதும் போல மாடிப்படியின் மூன்றாவது படியில் வைத்தேன், வேலை விட்டு வந்து மேலே ஏறும்போது நீ எடுத்துக்கொண்டு போவாயே, அந்த இடத்தில். செவ்வாய்க்கிழமை பயிற்சியில் விஷயம் தெரிந்து, "லோவ்ரி ஊருக்கு வந்திருக்காளாமே, வந்ததும் வராததுமா தெண்டமா?" என்று கிண்டல் பண்ணினார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து படியில் அந்தக் கவரைப் பார்த்தபோது, நீ இன்னும் வேலையிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான் என்று ஒரு நிமிஷம் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அதை அங்கேயே விட்டுவைத்தேன். அடுத்து ஒன்று வந்தது, அப்புறம் சிவப்பு எழுத்தில் ஒன்று வந்தது, எல்லாவற்றையும் அதன்மேலேயே அடுக்கினேன்.

போன மாசக் கடைசி ஞாயிறு நெஸ்டா கறியோடு வந்தாள். அவளும் அந்த அரசாங்க வண்டிப் பதிவு ஆபீஸில்தானே இருக்கிறாள், இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் அந்தக் கட்டடத்தில்தான். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன், கேட்கிறவன் கையிலெல்லாம் என் பெண்ணின் விலாசத்தை எடுத்துக் கொடுப்பீர்களா என்று. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தான், நான் பாக்கறது லாரிக்காரங்க லைசென்ஸ். விலாசத்தை நான் ஒண்ணும் முந்தானையில முடிஞ்சு கொண்டுபோய்க் குடுக்கல. நிறுத்துன இடத்துல தகராறுன்னு காரணம் சொல்லி அவங்க ஒரு சின்னத் தொகை கட்டுனா, வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க விவரத்தைக் குடுக்கச் சட்டத்துல இடம் இருக்கு" என்றாள். அப்புறம் கைகழுவப் போனவள் படியைப் பார்த்துவிட்டாள். திரும்பி வந்து, "எங்க பதிவு பொய் சொல்லல அத்தான், நீங்க மாத்தாம விட்டு வச்சிருக்கறதைத்தான் சொல்லுது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, உனக்கென்ன என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "இது கோர்ட்டுக்குப் போனா லோவ்ரி பேர்லதான் போகும். பதில் வரலேன்னா அவ பேர்லயே தீர்ப்பாயிடும், அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நாளைக்கு அவ மனசு மாறி இங்க வந்து, வீடு வாங்கக் கடன் கேட்டு பேங்க்ல போய் நின்னா, அவ பேர் கெட்டுப் போயிருக்கும். அவ வரணும்னு இதை அடுக்கி வச்சிருக்கீங்க, இதுதான் அவ வர்ற வழியில கிடக்கப்போகுது" என்றாள். சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

லோவ்ரி, எனக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. ஓட்டர் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்தாகிவிட்டது, டாக்டரின் நோயாளிப் பட்டியலிலிருந்தும் எடுத்தாகிவிட்டது, நூலகத்திலிருந்துகூட உனக்கு இப்போது ஒன்றும் வருவதில்லை. மிச்சம் இருந்தது அந்தப் பதிவுப் புத்தகம் ஒன்றுதான். லோவ்ரி ப்ராசர் எங்கே என்று யாராவது அரசாங்கத்தைக் கேட்டால், அவள் அப்பாவோடுதான் இருக்கிறாள் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு இடம் இருந்தது. எனக்கு நீ இல்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நாலு வருஷமாக நன்றாக இருக்கிறேன் என்று போனில் சொன்னதெல்லாம் பாதிதான் நிஜம். ஆனால் என் ஆசைக்காக உன் பெயரைக் கெடுப்பதற்கு நான் யார். அன்று சாயங்காலமே எல்லாக் கவரையும் பிரித்தேன், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியை ஓட்டினது நான், என் மகள் கடல் கடந்து இருக்கிறாள், அவளை விட்டுவிடுங்கள், எதுவானாலும் எனக்கு எழுதுங்கள் என்று கம்பெனிக்கு எழுதினேன். டெக்வினைப் பற்றியும் கடைசி அடியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். அதற்கு ஒரு வரி பதில் இல்லை, தெண்டம் மட்டும் திரு குவிலிம் ப்ராசர் என்று பெயர் மாறி வந்தது, கட்டிவிட்டேன். இத்வால் தலையில் அடித்துக்கொண்டான், "ஊரே வாயை மூடிக்கிட்டிருக்கு, நீ ஒருத்தன் மட்டும் மன்னிப்பு லெட்டர் எழுதறே, அதுல பாட்டுக் கச்சேரி வேற" என்று இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான், திட்டட்டும்.

ஈஸ்டர் அன்றைக்கு நீ சொன்னதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு நானும் நெஸ்டாவும் உட்கார்ந்து வண்டியை என் பெயருக்கு மாற்றிவிட்டோம். விற்க மாட்டேன், அதை மட்டும் கேட்காதே. புதுப் புத்தகம் புதன்கிழமை வந்தது. என் பெயர், என் விலாசம், அதற்குக் கீழே முன்னால் வண்டி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி, அதில் ஒன்று என்று இருந்தது. வெறும் ஒன்று. யார் என்று போடவில்லை. நெஸ்டாவைக் கேட்டேன், "முன்ன வச்சிருந்தவங்க பேரை இப்ப அச்சடிக்கறதில்ல அத்தான், அது அவங்க சொந்த விவரமாச்சே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. முற்றத்தில் கம்பம் நட்டவனுக்கு உன் பெயரைக் கொடுக்கலாம், பெற்றவனுக்கு அச்சடித்துக் கொடுக்கக் கூடாதாம். அவள் போனதும் பென்சிலை எடுத்து அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் லோவ்ரி என்று எழுதி வைத்தேன். அரசாங்கப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று அவள் சத்தம் போடுவாள், நீ சொல்லிவிடாதே.

வீடு கட்டுங்கள், நன்றாகக் கட்டுங்கள். கூரையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், கூரை ஒழுகினால் முற்றம் போய்விடும் என்று ரமீரோவுக்கு நான் சொன்னதாகச் சொல். காற்றில் வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள், உனக்குத் தொண்டை சீக்கிரம் கட்டும். உங்கள் இருவருக்கும் புது வீட்டில் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் கூடவே இருக்கட்டும், உன் அம்மா இருந்திருந்தால் சொல்லக்கூடிய ஆசீர்வாதத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஒரே ஒரு ஞாபகம். என்றைக்காவது நீங்கள் வந்தால், எந்த வண்டியில் வந்தாலும், சேப்பல் முற்றத்தில் நிறுத்தாதே. நேராக நம் வாசலுக்கு வந்துவிடு. இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தலாம், கேமரா கிடையாது, நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா,
குவிலிம்