வெங்காயம் கட்டுகையில் விட்ட கதை

என்ரை கிளிக்குஞ்சு,

இன்று பக்கத்து வளவில் வெங்காயம் கிண்டி எடுத்தார்கள். தாளும் மண்ணுமாய் அந்த மணம் வேலியால் வந்ததும் என் கை தானாய் நார் தேடியது. நார் இருந்தது. எதிரே இருந்து மற்ற வெங்காயப் பிடியைக் கட்ட நீ இல்லை.

உரும்பிராய் வீட்டுக் கொட்டிலில் பிடி கட்டும்போதுதான் நீ கதை சொல்வாய். அன்றன்று கொப்பியில் எழுதியதை அன்றன்றே உன் அக்கா எனக்குச் சொல்லிவிட வேண்டும் உனக்கு. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். உன் கொப்பியை நான் எழுத்துக்கூட்டி முடிக்க ஒரு வருசம் போகும் என்று சிரிப்பாய்.

பாதியில் நின்ற அந்தக் கதையில் பருத்தித்துறைப் பெண் ஒருத்தி. புருசனின் வள்ளத்தை மெசின் சத்தத்திலேயே அறிந்துவிடுவாள். நாற்பது நாளாய் அந்த வள்ளத்தைக் காணவில்லை. ஒரு விடியலில் சத்தம் கேட்கிறது. இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடி நிற்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தி, "மிச்சம் நாளைக்கு அக்கா" என்றாய்.

மறுநாள் காலையில் நீ முடிவை எழுதி மூடிய கையோடு, திருநெல்வேலியில் வீடியோக் கடை வைத்திருந்தவர் வந்தார். கலியாண வீடுகளைப் படம் பிடித்துச் சலித்தவருக்கு ஒரு கதைப்படம் எடுக்க ஆசை. நீ கதை எழுதுவதை யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். உன் கதையைப் படமாக்கும் உரிமை வேண்டும் என்று இரண்டு தாள் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். ஒன்று உனக்கு, ஒன்று அவருக்கு. 'இனி எனக்கு உரித்தில்லை' என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. கையெழுத்து வைத்து, இருந்த ஒரே கொப்பியையும் கொடுத்தாய். பார்த்தெழுதி வைக்க வேறு கொப்பி எங்கே கிடைத்தது, சண்டையும் பொருள் தடையுமாய் இருந்த அப்போது?

எங்களைப் பெற்ற ஐயா மேற்குக் காணியை விற்றபோது நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரத்திலும் அதே வரிதான். பிறகு அங்கே விழுந்த மாங்காயைக்கூட ஐயாவே எங்களைப் பொறுக்க விடவில்லை.

பின்னேரம் நாரை எடுத்ததும் தொடங்கினாய்.

"அக்கா, அவள் தண்ணிக்குள்ளை நிக்கிறாளெல்லோ..."

"பொத்தடி வாயை. கதையை வித்தாச்சு."

"கதை என்ன காணியே? உனக்குச் சொன்னா வேலி பாய்ஞ்சதோ?"

"கையெழுத்து வைச்சது நீ. படம் வரட்டும், பாப்பம்."

"ஓம், நொத்தாரிசு அம்மா!" என்று வெங்காயத்தோடு கும்பிட்டாய். பிறகும் இரண்டு மூன்று தரம் வாயெடுத்தாய். நான் விடவில்லை. "படம் வராட்டி?" என்றாய் ஒருநாள், சிரிக்காமல். வரும் என்றேன்.

வரவில்லை. ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை, கமராவுக்குப் பற்றரி இல்லை. மாரியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீயும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் கொப்பியைக் கேட்டுப் போனேன். கடை பூட்டிக் கிடந்தது. "அவர் வெளிநாடு போயிட்டார் அம்மா" என்றார் பக்கத்துக் கடைக்காரர். உன் தாளை நொத்தாரிசு ஒருவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை, இது படம் எடுக்கிறதுக்குத்தான். வீட்டிலை கதை சொல்லுறதை ஆர் தடுத்தது?"

நான்தான் தடுத்தேன், கிளி.

இப்போதும் பிடி கட்டினால் உன் கதையை எனக்குள்ளே சொல்லிக்கொண்டு போவேன். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்றுவிடும். புருசனைக் கொண்டுவந்து பார்த்தேன், வராமல் விட்டும் பார்த்தேன். இரண்டும் உன் குரலில் வரவில்லை. அவள் அந்தக் குளிரில் நிற்கிறாள், நானும் பக்கத்தில் நிற்கிறேன். மெசின் சத்தம் கிட்டக் கிட்ட வருகிறது.

அந்த வள்ளத்திலை வந்தது ஆரடி?