ஐந்தாம் பலகை

ஜூன் 3
அணிப் பட்டியலைச் சதுரங்கக் கிளப் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மறுபடியும் எனக்கு ஐந்தாம் பலகை. புள்ளிகளில் எனக்கு மேலே இங்கே ஒரே ஒருவர்தான். இருந்தும் கடைசி நாற்காலி. ஐந்தாவதில் பெண் ஆடியாக வேண்டும் என்பது போட்டி விதி. கிளப்பில் இருக்கும் ஒரே பெண் நான்.

கேப்டனிடம் கேட்டேன். "உன்னை ரெண்டுக்கு ஏத்திட்டா அஞ்சுல யாரும்மா உக்காருவா? இன்னொரு பொண்ணைக் கூட்டிட்டு வா, பேசுவோம்."

நான்காவதில் ஆடுவது அவர்தான். போன வருடம் ஒன்பது ஆட்டத்தில் ஏழு தோல்வி.

ஜூன் 4
இன்னும் ஆறவில்லை.

ஜூன் 11
பெண்கள் ஏன் சதுரங்கத்துக்கு வருவதில்லை என்று அரட்டை. என்னை வைத்துக்கொண்டே! மூளை என்றார் ஒருவர். பொறுமை என்றார் இன்னொருவர். "பொண்ணுங்களுக்கு அட்டாக் வராது" என்றவரைப் போன வாரம்தான் இருபத்திரண்டு நகர்த்தலில் முடித்தேன். அன்றைக்கு அவருக்குத் தலைவலியாம். என்னிடம் தோற்கிறவர்களுக்கெல்லாம் எப்படித்தான் அன்றைக்குப் பார்த்துத் தலை வலிக்கிறதோ.

பள்ளியில் ஒன்பது பெண்கள் ஆடினோம். ஒருத்தியின் அம்மா சொன்னது நினைவிருக்கிறது: "வெளியூர்ப் போட்டிக்கெல்லாம் துணைக்கு யாரு போறது?" மூளையைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 18
கேப்டனின் மனைவி வழக்கம்போல் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தார். என் ஆட்டம் முடிந்ததும் மெல்லக் குனிந்து, "யானையை வெட்டக் குடுத்திருந்தா மூணே மூவ்ல மேட், இல்ல?"

வீட்டில் காய்களை அடுக்கிப் பார்த்தேன். மூன்றேதான்.

ஜூன் 19
கேப்டனின் மனைவியைத் தேடிப் போய்க் கேட்டேன். "அக்கா, நீங்க ஆடுவீங்களா?"

"ஆடினேன். அவரைப் பார்த்ததே ஒரு போட்டியிலதான்."

"யாரு ஜெயிச்சா?"

சிரித்தார். "அப்புறம் கல்யாணம். ரெண்டு பேரும் கிளம்பிட்டா பிள்ளைங்களை யாரு பாத்துக்கறது?"

பன்னிரண்டு வருடமாகப் பிளாஸ்க். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

ஜூன் 25
அக்கா கையெழுத்திட்ட படிவத்தைக் கேப்டன் மேசையில் வைத்தேன். "இன்னொரு பொண்ணு கேட்டீங்களே சார்."

பெயரை இரண்டு முறை படித்தார். "இவளா? அப்ப பிள்ளைங்க—"

இரண்டு பெண்கள் என்றால் மூன்று ஆண்களுக்குத்தான் இடம். கடைசி ஆண் யார் என்று அவருக்கே தெரியும்.

"நீங்க இனி ரிசர்வ்தானே சார். பிள்ளைங்களைப் பாத்துக்கலாம்."

ஜூலை 6
இரண்டாம் பலகை. டிரா. அக்கா ஐந்தாவதில் தோற்றார். ஆனாலும் எழுந்து வரவில்லை. எதிரே ஆடியவளோடு தோற்ற ஆட்டத்தையே திரும்ப அடுக்கி வாதாடிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் கேப்டன் வந்தார். இடுப்பில் சின்னது, கையில் பிளாஸ்க். காபியில் சர்க்கரை இல்லை. ஆண்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

நான் சொன்னேன்.