பெட்டிக்கு நான் போட்ட எண்பத்து நான்கு தையல்கள்

அக்கா, இதை யாரிடமும் காட்டாதே. உன் அறைத் தோழியிடம்கூட வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துவிடு, கிழித்ததையும் இரண்டு குப்பைத் தொட்டியில் பிரித்துப் போடு.

இதே உறையில் அப்பாவின் கடிதமும் இருக்கும். அப்பா துணி வெட்டிக்கொண்டே சொல்வார், நான் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்தைக் கேட்கத்தான் காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கிறோம் என்று அதில் முதல் வரி வரும். அதில் ஒரு திருத்தம். நான் சுகமாக இல்லை. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, பரீட்சை பயம் என்று அம்மா நினைக்கிறாள்.

கடையில் இப்போது பேச்சே உன்னைப் பற்றித்தான். இடுப்பளவு கொடுக்க வந்த ஒருவரிடம் அப்பா, உங்க இடுப்புக்குள்ள நொடிக்குக் கோடிக்கணக்கா நியூட்ரினோன்னு ஒரு துகள் பூந்து அந்தப் பக்கம் போகுது சார், ஒண்ணுகூட உங்களைத் தொடறதில்ல என்றார். அவர் மிரண்டுபோய், அப்ப அளவைக் கொஞ்சம் தாராளமாவே வைங்க என்றார். அம்மாவுக்குத்தான் உன் கரும்பொருள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒண்ணைத் தேட வருஷக்கணக்கா சுரங்கத்துக்குள்ள உட்காருவா, வீட்ல சாவியைத் தேடச் சொன்னா மட்டும் ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டா என்கிறாள். குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொன்னாள், கண்ட நேரத்தில் காப்பி குடிக்காதே என்றும் சொன்னாள். வெள்ளிக்கிழமை நீ விஞ்ஞானிகள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பேசப் போகிறாய் என்று கேட்டதும் அப்பா உனக்கு ஒரு கோட்டு தைத்தார். தோளை மட்டும் மூன்று தடவை பிரித்துத் தைத்தார். பெரிய மனுஷங்க முன்னாடி நிக்கப் போறா, தோள் தொங்கக் கூடாது என்றார். அந்தக் கோட்டை நான் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

ஏனென்றால் நீ அங்கே பேசப் போவது பொய். நீ சொல்லும் பொய் இல்லை, நான் செய்த பொய்.

போன விடுமுறையில் மாடி ஜன்னலோரம் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனாயே. வானத்திலிருந்து விழும் துகள் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பலகையில் பட்டால் துளி வெளிச்சம் மின்னும், பெட்டி அதை எண்ணும், சுரங்கத்துக்குள் இருக்கும் பெட்டியோடு ஒப்பிட இது வேண்டும், வெளியிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே போகக் கூடாது என்றாய். காலை, மத்தியானம், ராத்திரி மூன்று வேளையும் நான் எண்ணைப் பார்த்து நோட்டில் குறித்துப் போனில் உனக்குச் சொன்னேன், அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் என் வகுப்பில் முன்வரிசை வாயாடி ஒருத்தி, அந்தப் பெட்டியில ஒண்ணுமே இருக்காதுடி, உன் அக்கா உன்னை வேலை வாங்குறா என்று சொல்லிச் சொல்லி என்னை உசுப்பேற்றிவிட்டாள். ஒருநாள் சாயங்காலம் மின்சாரம் போயிருந்தபோது அப்பாவின் தையல் பிரிக்கும் கத்தியால் ஒரு மூலையில் கறுப்பு டேப்பைக் கீறி உள்ளே பார்த்தேன். பலகை இருந்தது, ஆனால் கீறிப் பார்த்தேன் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. டேப் மறுபடி ஒட்டவே மாட்டேன் என்றது. கோட்டுக்கு வைக்கும் கறுப்பு லைனிங் துணியை எடுத்து இரட்டையாக மடித்து அந்த மூலையில் வைத்துத் தைத்துவிட்டேன். எண்பத்து நான்கு தையல். அப்பா பார்த்தால்கூடக் குறை சொல்ல மாட்டார், அவ்வளவு நெருக்கமான தையல். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா, நம் வீட்டில் எது கிழிந்தாலும் தைப்போம்.

அதற்குப் பிறகுதான் நீ போனில், பகல்ல ஏறுது, ராத்திரி இறங்குதுப்பா, இது மட்டும் நிஜமா இருந்தா கரும்பொருளேதான்ப்பா என்றாய். பெட்டியை யாராவது தொட்டீங்களா என்று மூன்று தடவை கேட்டாய். அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, என் வீட்ல ஒரு ஈகூட அதைத் தொடலைம்மா என்றார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நோட்டை வாங்கிப் போக நீ அனுப்பிய உயரமான அண்ணன் நேற்று வந்தார், அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் காகிதத்தில் கணக்குப் போடும் பிரிவாம், இதுவரை ஒரு பெட்டியையும் தொட்டதே இல்லையாம். தையலைத் தடவிப் பார்த்து, தையற்காரர் பொண்ணு இல்லையா, உங்க அக்கா பெட்டியைக்கூடத் தைச்சிருக்காங்களே என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதுவும் ஒரு பொய்தான்.

வெறும் மன்னிப்பு உன் பேராசிரியருக்குப் போதாது என்று தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தேன். ராத்திரி நிமிடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. மத்தியானம் முந்நூற்றுத் தொண்ணூறு. அதே மத்தியானம் உன் கோட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய கம்பளித் துணியை நான்காக மடித்துப் பெட்டிமேல் போட்டேன், இருநூற்றுப் பதினான்கு. எடுத்தேன், ஏறியது. போட்டேன், இறங்கியது. மூன்று தடவையும் அப்படியே. அது கரும்பொருள் இல்லை அக்கா, சூரியன்.

எண்களை மட்டும் பேராசிரியரிடம் சொல், என்னைச் சொல்லாதே. முடியாவிட்டால் என் பெயரையும் சொல்லிக்கொள், நீ தலைகுனிந்து நிற்பதைவிட அது தேவலை. அப்பாவிடம் மட்டும் வேண்டாம், அவர் கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்று எண்ணக்கூட முடியாது. உண்மையில் இதை உறைக்குள் வைப்பேனா என்று எனக்கே தெரியவில்லை, நேற்றும் முந்தாநாளும் எழுதிக் கிழித்துவிட்டேன். விடிந்ததும் அந்த அண்ணன் கோட்டையும் உறையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்பா அம்மா ஆசீர்வாதம் பெரிய கடிதத்தில் இருக்கிறது, என் பங்குக்கு நான் என்ன

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. தூங்கலையா பாப்பா, அந்த உறையைக் குடு, கோட்டுக்குள்ள வலது பக்கம் ஒரு சின்னப் பை வச்சிருக்கேன்னு ஒரு வரி எழுதணும் என்கிறார். ஒட்டியாச்சுப்பா என்று சொல்லிவிட்டேன். இனி இதையும் உள்ளே வைத்து ஒட்டித்தான் ஆக வேண்டும்